வீட்டில் நோயாளி, வாசலில் நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம் என்று இந்தக் கரையோர ஊர்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியர் வேலை எனக்கு. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, டியூப் மாற்றுவது, வலி மாத்திரையை எந்த நேரத்தில் கொடுப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித் தருவது, இதெல்லாம்தான் வேலை. பல வீடுகளில் என்னை முதலில் வந்து பார்ப்பது நாய்தான்.

நாயைப் பற்றிய சந்தேகத்தை டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை. மதுரை வரை போய், வரிசையில் காத்துக் கிடந்து உள்ளே நுழைந்தால், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவே நேரம் போதாது. அதனால் நான் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாக என்னிடம் கேட்பார்கள். வீட்டுக்கு வீடு அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பு விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. நாயின் உடம்பு விஷயத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்வது முடிவு.

கேன்சர்னு சொல்லிட்டாங்க சிஸ்டர். நாயை உடனே எங்கயாவது கொண்டுபோய் விட்டுரணுமா?

வேண்டாம். புற்றுநோயோ, சிறுநீரகக் கோளாறோ, இதய நோயோ, பக்கவாதமோ, பெரும்பாலான வீடுகளில் நாய் இருந்த இடத்திலேயே இருக்கலாம். நோய் தெரிந்ததும் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது “நாயை விரட்டு” என்பதுதான். அக்கறையில் சொல்கிறார்கள், சரி. ஆனால் நோயாளியிடமிருந்து வேலை போய்விட்டது, கடலுக்குப் போவது போய்விட்டது, சாப்பாட்டு ருசி போய்விட்டது. அந்த நேரத்தில் நாயையும் பிடுங்கினால் அவர் எவ்வளவு ஒடுங்கிப்போவார் என்பதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன்.

நாயிடமிருந்து தொற்று வராது என்று நான் சொல்லவில்லை. வரும். அது வருகிற வழிகள் முக்கியமாக ஐந்து: கடி, நகக்கீறல், புண்ணை நக்குவது, நாயின் மலமும் சிறுநீரும், உண்ணி. இவற்றை அடைத்துவிட்டால் பயம் பெருமளவு குறைந்துவிடும். ஊசி போடாமல் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்து நேரே கட்டிலில் ஏறும் நாய்தான் ஆபத்து. நிஜமாகவே பிரித்து வைக்க வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

நாய் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லணுமா? சொன்னா ஏசுவாரோ?

கட்டாயம் சொல்லுங்கள். ஒரு டாக்டர் ஏசினாலும் பரவாயில்லை. திடீரென்று காய்ச்சல் வந்தால் எந்தக் கிருமியாக இருக்கலாம், எந்த மருந்தைத் தொடங்கலாம் என்று அவர் யோசிக்க இந்த ஒரு தகவல் உதவும். மண்ணீரலை எடுத்தவர்களும், குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவர்களும் மறக்காமல் சொல்ல வேண்டும். நாயின் எச்சிலில் சாதாரணமாக வாழும் ஒரு கிருமி அவர்களைப் போன்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் ரத்தம் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

“நாய் இருக்கு” என்று மொட்டையாகச் சொல்லாமல், அதற்கு என்ன வயது, ஊசி எப்போது போட்டது, வெளியே சுற்றுமா, எங்கே படுக்கும், யாரையாவது கடித்திருக்கிறதா என்று சொல்லுங்கள். ஊசி அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாய்க்கு என்னென்ன ஊசி, மருந்து பாக்கி இல்லாம இருக்கணும்?

முதலாவது வெறிநாய்க்கடி தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. இரண்டாவது, பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி. அதில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் ஊர்களில் இது முக்கியம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் புரண்டு வரும் நாய்க்கு அந்த நோய் வந்தால், அதன் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. நான்காவது, உண்ணிக்கு மருந்து. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை நோயாளி செய்யக்கூடாது.

அரசு கால்நடை மருந்தகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி வெறிநாய்க்கடி தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். நாயைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். அது கால்நடைகளுக்கான ஆம்புலன்ஸ் எண்.

கீமோ போட்டுட்டு வந்திருக்கார். நாயைத் தொடலாமா?

தொடலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகத்தையும் வாயையும் நக்க விடக்கூடாது. பொதுவாக மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த ஒரு வாரம் நாய் வாசலோடு இருக்கட்டும். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும், பேசட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நாய்க்கு வரும் ஆபத்தை யாரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மருந்து ஏற்றிய இரண்டு நாட்களுக்கு நோயாளியின் வாந்தியிலும் சிறுநீரிலும் அந்த மருந்து கலந்து வரும். நம் ஊர்ப்பக்கம் கொல்லையில் போய் வாந்தி எடுப்பார்கள், நாய் உடனே அங்கே போய் மோந்து நக்கும். ஒரு பாத்திரத்தில் வாந்தி எடுக்க வைத்து, கையுறை போட்டுக் கழிப்பறையில் ஊற்றி, நிறையத் தண்ணீர் விடுங்கள். அந்த இரண்டு நாளும் கழிப்பறைக் கதவு சாத்தியே இருக்கட்டும்.

கரண்ட் வைக்கிறாங்க. அது நாய்க்கும் குழந்தைக்கும் பரவுமா?

வெளியே மெஷினிலிருந்து வைக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. அறையை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் யாரையும் தொடலாம். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து குடிக்கக் கொடுத்தால் கதை வேறு. அது சில நாட்கள் உடம்பிலிருந்து வெளிப்படும். குழந்தையிடமும் கர்ப்பிணியிடமும் எத்தனை நாள் தள்ளி இருக்கச் சொன்னார்களோ, நாயிடமும் அத்தனை நாள் தள்ளி இருங்கள்.

எங்க அப்பத்தா நாய் நக்கினா புண்ணு ஆறும்னு சொல்லும். உண்மையா?

உண்மை இல்லை. நாய் தன் புண்ணைத் தானே நக்குவதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. நம் புண்ணில் அதன் எச்சில் பட்டால் கிருமிதான் உள்ளே போகும்.

நான் அதிகம் பயப்படுவது சர்க்கரைக்காரர்களின் காலை நினைத்துத்தான். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கும். ராத்திரி நாய் கால்மாட்டில் படுத்துக் கட்டுக்கு மேலேயே நக்கிக்கொண்டிருந்தாலும், கட்டைப் பல்லால் இழுத்தாலும் அவருக்குத் தெரியாது. காலையில் பார்த்தால் கட்டு நனைந்திருக்கும், புண் பெரிதாகியிருக்கும். கால் புண் உள்ளவர் படுக்கும் அறையில் ராத்திரி நாய் வேண்டாம். பகலில் கட்டின் மேல் ஒரு பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிவிடுங்கள்.

கட்டில்ல கூடவே படுத்துப் பழகிருச்சு. இறக்கினா ராத்திரி பூரா முனகுது.

இறக்கத்தான் வேண்டும். ஆனால் தூரத் தள்ள வேண்டியதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், நோயாளியின் கை எட்டும் இடத்தில் சாக்கோ பழைய போர்வையோ விரியுங்கள். அவர் உடுத்திக் கழற்றிய சட்டை ஒன்றை, ரத்தமோ மருந்தோ படாததாகப் பார்த்து, அதன் மேல் போடுங்கள். அந்த வாசனைக்கு நாய் அடங்கிவிடும். ஒரு வாரம் முனகும், பிறகு பழகிக்கொள்ளும். நடுவில் ஒருநாள் பாவம் பார்த்து ஏற்றிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாம்பன் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் இதை அழகாகச் செய்திருந்தார்கள். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். கயிற்றுக் கட்டிலின் வலது பக்கம் நாய்க்கு. அவர் கை தொங்கினால் நேரே அதன் தலையில்தான் படும். யூரின் பை, டியூப் எல்லாம் இடது பக்கம், சுவரோரமாக, ஒரு வாளிக்குள். டியூப் கட்டில் காலுக்கு வெளியே எங்கும் தொங்காது. கொசுவலையை அந்தம்மா மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடுவார், ராத்திரி நாயின் மூக்குக்கூட உள்ளே போகாது. டியூப் போட்ட வீடுகளில் நான் இந்த ஏற்பாட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடிக்கொண்டு தொங்கும் எதையும் நாய் கவ்விப் பார்க்கும். டியூப் இழுபட்டால் உள்ளே கிழிந்து ரத்தம் வரும்.

மீன் குடலு, தலை, கழிவுதான் போடுவோம். அதுல என்ன ஆகும்?

வேகவைத்துப் போடுங்கள். பச்சையாகத் தின்னும் நாயின் வாயிலும் மலத்திலும் வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது போய்ச் சேர நாய் ஒருமுறை கையை நக்கினால் போதும். ஒரு கொதி விட்டு, முள்ளை எடுத்து, சோற்றில் பிசைந்து வையுங்கள். கருவாடு வேண்டாம், அந்த உப்பு நாய்க்கு ஆகாது. வலையில் விழும் பேத்தை மீனைக் கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். அது விஷம், நாய் தின்றால் செத்துப்போகும்.

ஆட்டுக் கறிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடவே போடாதீர்கள். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் நீர்க்கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தோடு வந்து நம் கைக்கும் வாய்க்கும் போனால் நம் ஈரலில் கட்டி வளரும். குடற்புழு மருந்து வாங்கும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு ஓடாது. கையில் காசும் குறையும், கரையில் மீன் கழிவும் குறையும். அந்த 61 நாளும் தெருநாய்கள் பசியில் சண்டை போடும். உங்கள் நாய் வெளியே போய்க் கடிபட்டு வருவதும் அப்போதுதான் எளிது. அந்தச் சமயத்தில் அதைக் கூடியவரை வீட்டோடு வைத்து, சோறும் ஒரு முட்டையுமாவது கொடுக்கப் பாருங்கள்.

காலையில கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுதான் அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம். போகலாமா?

நடக்கத் தெம்பு இருந்தால் போகட்டும். வெயில் ஏறும் முன்னால் போய்விட்டு வந்துவிட வேண்டும். மணல் சுட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். அவர் செருப்போடுதான் நடக்க வேண்டும், வெறும் மணலில் உட்காரக்கூடாது. நாய் மலம் விழுந்த ஈர மணலில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். அவை தோலைத் துளைத்து உள்ளே போய் வரிவரியாகச் சிவந்து அரிக்கும். நம் நாயின் மலத்தை நாமே காகிதத்தில் அள்ளிப் போட்டுவிட வேண்டும். கூடப் போகும் ஆள் அதைச் செய்யட்டும். அறுந்த வலை, தூண்டில் முள், கரையொதுங்கிய சொறி (ஜெல்லி மீன்), திருக்கை முள் எதிலும் நாய் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை யார் பிடிப்பது என்பதுதான் பெரிய விஷயம். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவரை ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி பெரிய நாய் ஒரு இழுப்பு இழுத்தால் தோள் எலும்போ இடுப்போ முறிந்துவிடலாம். கயிறு மகன் கையில் இருக்கட்டும், அவர் கூட நடந்து வரட்டும்.

டயாலிசிஸ் பண்றவங்க நாய் வளர்க்கலாமா?

ஆஸ்பத்திரியில் போய்ச் செய்துகொள்பவர் என்றால் வளர்க்கலாம். பிஸ்டுலா போட்ட கையை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த கையை மட்டும் காப்பாற்றுங்கள். அந்தக் கையால் நாய்க் கயிற்றைப் பிடிக்கக்கூடாது, அந்தக் கைமேல் நாய் காலைப் போட்டு ஏறக்கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் ரத்தம் நிற்காமல் வரும். நாயின் நகத்தை அடிக்கடி வெட்டிவிடுங்கள்.

வீட்டிலேயே வயிற்று வழியாகத் தண்ணீர் மாற்றும் டயாலிசிஸ் என்றால் ரொம்பக் கண்டிப்பு வேண்டும். மாற்றும்போது அறையில் நாய் இருக்கக்கூடாது. கதவைச் சாத்தி, பேனை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கை கழுவிச் செய்ய வேண்டும். பைகளையும் டியூப்களையும் நாயோ பூனையோ எட்டாத அலமாரியில் வையுங்கள். டியூபில் ஒரு பல் பட்டு ஊசிமுனை ஓட்டை விழுந்தால்கூட வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும். அந்த அறை எப்போதுமே நாய்க்கு மூடிய அறையாக இருப்பதுதான் நல்லது.

இதய ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கார். நாய் சந்தோஷத்துல மேல பாயுது.

வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை பாய விடாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாயைக் கட்டிப்போட்டு, அவர் உட்கார்ந்த பிறகு கயிற்றோடு கூட்டி வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு, பிஸ்டுலா கைக்குச் சொன்ன மாதிரி, நகக்கீறல்தான் கவலை.

டி.பி. இருக்கு. நாய்க்கு ஒட்டுமா?

அபூர்வமாக மனிதரிடமிருந்து நாய்க்குப் போகலாம். சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல், இருமும்போது வாயை மூடி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு, நாய்க்கும் பாதுகாப்பு. ஆஸ்துமா உள்ளவருக்கு நாயால் மூச்சிரைப்பு கூடுகிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது நாய் வீட்டுக்கு வெளியேதான்.

துணைக்கு ஒரு குட்டி வாங்கிக் கொடுக்கலாம்னு பாக்கிறோம்.

தயவுசெய்து சிகிச்சை நடக்கும்போது வேண்டாம். குட்டி கடிக்கும், கீறும், கண்ட இடத்தில் மலம் கழிக்கும், வயிற்றுப்போக்குக் கிருமிகளும் அதனிடம் அதிகம். ஊசிகளும் முடிந்திருக்காது. ராத்திரி அழும் குட்டியை எழுந்து பார்ப்பது யார்? ஏற்கெனவே தூக்கம் கெட்டிருக்கும் அவர் மனைவிதான். வெளிநாட்டு மயிர்நாய்களை இந்த வெயிலுக்குக் கொண்டுவருவது அந்த நாய்க்கும் கொடுமை. துணை வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டால், தெரிந்தவர் வீட்டில் வளர்ந்த, சாதுவான, ஊசி போட்ட, குட்டிப் பருவம் தாண்டிய நாட்டு நாயாகப் பாருங்கள்.

அய்யா சாப்பாட்டுல பாதியை நாய்க்குப் போட்டுர்றாரு. ஏசினா கோவப்படறாரு.

ஏசாதீர்கள். அவரால் இப்போது சாப்பிட முடியவில்லை. இத்தனை வருடம் வீட்டுக்கே சோறு போட்டவருக்கு இன்றைக்கு ஒரு உயிருக்காவது தன் கையால் போட முடிகிறது. நாய்க்கென்று வெங்காயம், காரம், உப்பு போடாத சோற்றை ஒரு கிண்ணத்தில் தனியாக அவர் பக்கத்தில் வையுங்கள். அதை அவர் போடட்டும். சில பேர் நாய் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார்கள்.

மாத்திரை கீழ விழுந்தா நாய் தின்னுருது. பரவாயில்லையா? நாய்க்குக் காய்ச்சல்னா அவரோட மாத்திரையைக் கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் இவற்றால் நாயின் ஈரல், வயிறு, சிறுநீரகம் கெடும். புற்றுநோய்க்குச் சாப்பிடும் கேபசிட்டபின் மாதிரி மாத்திரைகள் நாய்க்குக் கொடிய விஷம். வலிக்குத் தோலில் ஒட்டும் பென்டனில் பட்டையை உரித்துப் போட்ட பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். நாய் மென்றால் மூச்சு நின்றுவிடும். பட்டையை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள், நான் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். நாய் எதையாவது தின்றுவிட்டால் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நம்ம வீட்டு நாய்தானே கடிச்சுது, ஊசி போட்டதுதானே. சும்மா இருக்கலாமா?

இருக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்கக்கூடாது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். போனதும் “கீமோ போட்டுக்கிட்டிருக்கார்”, “ஸ்டீராய்டு சாப்பிடறார்”, “கிட்னி மாத்தியிருக்கார்” என்று எது உண்மையோ அதைச் சொல்லிவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ரத்தம் வராத சின்னக் கீறலுக்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். சொல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் போடுவது போல ஊசியை மட்டும் போட்டு அனுப்பிவிடலாம். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. இதில் சோம்பலுக்கு இடமே கிடையாது.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்துப் பத்து நாள் பாருங்கள். அது நன்றாக இருப்பது டாக்டருக்கு முக்கியமான தகவல்.

மதுரையில அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க. எல்லாரும் போயிட்டா நாயை யாரு பாக்கிறது?

அட்மிட் ஆகிற அன்றைக்கு யோசித்தால் விடை கிடைக்காது. நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே ஒரு ஆளைப் பேசி வையுங்கள். “தெருவில் யாராவது பார்ப்பார்கள்” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் பெயர் வேண்டும். அவர் உங்கள் வீட்டிலேயே தங்க வேண்டும் என்றில்லை, காலையும் மாலையும் வந்து சோறும் தண்ணீரும் வைத்தால் போதும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர், ராமேஸ்வரம் என்றால் இன்னும் ஐம்பதுக்கு மேல் கூடும். நாய்க்குச் சோறு வைக்க மதுரையிலிருந்து ஒருவர் தினமும் வந்து போக முடியாது. இந்தக் கவலையிலேயே “நான் ஊருக்குப் போகணும்” என்று சிகிச்சையைப் பாதியில் விட்டு வரத் துடிப்பவர்கள் உண்டு. அதனால் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

பார்த்துக்கொள்கிறவருக்கு அரிசிக்கும் முட்டைக்கும் காசு கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார்கள், கொடுங்கள். ஊசி அட்டையும் அவரிடம் இருக்கட்டும். நாள் முழுக்கக் கட்டியே போடச் சொல்லாதீர்கள், கட்டிக் கிடக்கும் நாய்க்குக் குணம் மாறும். வாரத்தில் இரண்டு நாள் வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிக்கு அது பெரிய மருந்து.

எங்க ஊரு கீழக்கரை. வாப்பா வாசல்ல ஒரு நாய்க்குச் சோறு வைப்பாங்க. இப்ப படுக்கையில இருக்காங்க, அதைத் தேடறாங்க. வீட்டுக்குள்ள தொழுகை இருக்கே.

மார்க்க விஷயத்தை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மருத்துவப்படி பார்த்தால், நாய் வீட்டுக்குள் வராமலே வாப்பாவின் ஆசையை நிறைவேற்றலாம். கட்டிலை வாசல் ஜன்னலோரம் நகர்த்துங்கள். சோற்றை மகன் வைக்கட்டும், வாப்பா பார்த்துக் குரல் கொடுக்கட்டும். நாயின் தட்டும் அதைக் கழுவும் இடமும் தனியாக இருக்கட்டும். அந்த நாய் தெருநாய் என்றால் அதற்கும் ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள்.

ராத்திரியில ஊளையிடுது. எமன் வர்றது நாய் கண்ணுக்குத் தெரியும்கிறாங்க பக்கத்து வீட்ல.

நோயாளியின் காதில் விழும்படி இதைச் சொல்லவே விடாதீர்கள். நாய் ஊளையிட எத்தனையோ காரணம் உண்டு. தூரத்தில் வேறு நாய் ஊளையிட்டிருக்கும், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டிருக்கும், தெருவில் பெட்டை நாய் பருவத்தில் இருக்கும். நோயாளி உள்ள வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது: சோறு நேரம் மாறுகிறது, கூட்டிப்போகும் ஆள் இல்லை, கதவு புதிதாகச் சாத்தியிருக்கிறது. சாயங்காலம் யாராவது ஒரு நடை கூட்டிப்போய், படுக்கும் முன் சோறு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்துவிடும்.

முன்ன மாதிரி கிட்ட வர மாட்டேங்குது. இவருக்கு ரொம்ப முடியலைன்னு அதுக்குத் தெரியுமா?

மாற்றம் தெரியும். டெட்டால் வாசனை, மருந்து வாசனை, மெலிந்த உடம்பு, மாறிய நடை, ஆக்சிஜன் மெஷின் சத்தம் எல்லாம் அதற்குப் புதிது. பழக்கிய நாய்களால் சில புற்றுநோய்களை வாசனையால் கண்டுபிடிக்க முடியும் என்று ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அதற்காக நம் வீட்டு நாய் தள்ளி உட்கார்ந்தால் நோய் முற்றிவிட்டது என்று கணக்குப் போடக்கூடாது. கழுத்தைப் பிடித்து இழுத்து வராதீர்கள், பயத்தில் கடித்துவிடும். மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஓடும்போதே சோற்றுக் கிண்ணத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டில் பக்கம் நகர்த்துங்கள்.

எப்போ கண்டிப்பா பிரிச்சு வைக்கணும்?

எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள், ரத்தப் புற்றுநோய்க்குக் கடும் கீமோவில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிய முதல் மாதங்களில் இருப்பவர்கள், டாக்டர் சொல்லும் காலம் வரை. நாய்க்கு வயிற்றுப்போக்கோ படர்தாமரையோ இருந்தால் அது குணமாகும் வரை. முன்பே மனிதரைக் கடித்துப் பழகிய நாய் என்றால் எப்போதுமே. எங்காவது கொடுக்க வேண்டி வந்தாலும், இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். மீன்பிடித் துறைமுகத்திலோ கோயில் வாசலிலோ இறக்கிவிட்டு வராதீர்கள். பட்டினி கிடக்கும்படி வளர்ப்பு நாயைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசி நேரம்னு சொல்லிட்டாங்க. இப்ப உள்ள விடலாமா?

விடுங்கள். அவர் கேட்டால் கட்டிலிலேயே ஏற்றுங்கள். மேலே நான் சொன்ன தொற்றுக் கணக்கெல்லாம் மாதக்கணக்கில் வாழப்போகிறவருக்கு. புண்ணையும் டியூபையும் மட்டும் மூடி வையுங்கள். உயிர் பிரிந்த பிறகு, உடம்பை ஐஸ் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால், நாயை ஒருமுறை கிட்டே கூட்டி வந்து மோந்து பார்க்க விடலாம். கூட்டம் சேர்ந்த பிறகு வேண்டாம். அழுகைச் சத்தத்தில் மிரண்டு யாரையாவது கடித்துவிடும்.

நான் போயிட்டா இதை யாரு பாப்பாங்க சிஸ்டர்?

நோயாளியே இதைக் கேட்பார். “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று வாயை அடைக்காதீர்கள். அவருக்குப் பதில் வேண்டும். மகளோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ, கூடப் படகில் போன கூட்டாளியோ, நாயை எடுத்துக்கொள்ள மனமுள்ள ஒருவரை நோயாளி முன்னாலேயே பேச வையுங்கள். எடுத்துக்கொள்ளப் போகிறவர் இப்போதிருந்தே தினம் ஒருவேளைச் சோற்றைத் தன் கையால் வைத்துப் பழகட்டும். மதுரைக்குப் போனபோது பார்த்துக்கொண்டவரே அமைந்தால் ரொம்பச் சௌகரியம். பெயரையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி ஊசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். காரியம் முடியும் வரை நாய் பழைய வீட்டிலேயே இருக்கட்டும், பிறகு அதன் சாக்கு, கிண்ணம், கயிறு எல்லாவற்றோடும் கூட்டிப் போகட்டும். முதல் சில நாள் சாப்பிடாமல் கிடக்கும், திரும்பப் பழைய வீட்டுக்கே ஓடி வரும். கதவை அடைக்காமல் சோறு கொடுத்து மறுபடி கொண்டுபோய் விடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். யாருமே இல்லாத வீடு என்றால் என்னிடமோ, உங்கள் வீட்டுக்கு வரும் செவிலியரிடமோ கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்கள். நல்ல வீடாகத் தேட சில வாரங்களாவது ஆகும்.